சிற்றாற்றில் துடுப்புப் போடப் போகுமுன்: ஒரு நாள் பயணத்துக்கான பாதுகாப்புத் திட்டம்

அறுபது மீட்டர் அகலமுள்ள ஆற்றில் ஒரு மரம் விழுந்து கிடந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். எட்டு மீட்டர் அகலமுள்ள ஆற்றில் அதே மரம் கரைக்குக் கரை குறுக்கே கிடக்கும். வளைவு திரும்பிய பிறகுதான் அது கண்ணில் படும். நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மரம் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 10 விநாடி. அந்தப் 10 விநாடிக்குள் ஒதுங்க ஓர் இடம் இருந்தாக வேண்டும். அது எங்கே என்று வளைவுக்கு முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும்.

சிற்றாற்றுப் பயணத்தின் முழுச் சிக்கலும் இதுதான்: தவறு செய்ய இடம் கிடையாது. அந்த இடத்தை நாம்தான் முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நீர்மட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, படகுகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, கடிகாரத்தில் மிச்சம் வைப்பது எல்லாம் அதற்காகவே. இங்கே சொல்வது நாலைந்து பேர் கயாக்கிலோ (உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ஒடுங்கிய படகு) சிறிய ராஃப்டிலோ (காற்றடைத்த படகு) ஒரே நாளில் முடிக்கும் பயணத்துக்கானது.

எந்த ஆறு, எந்தத் துண்டு

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முதல் தரம் சிற்றலையோடு ஓடும் நீர். இரண்டில் அலைகளும் பாறைகளும் வரும், ஆனால் வழி தெளிவாகத் தெரியும். மூன்றில் படகைத் திருப்பி நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். படகிலிருந்து பார்த்தால் வழி எல்லா இடத்திலும் தெரிந்துவிடாது. நான்கில் இறங்கிப் பார்க்காமல் போகக் கூடாது, தவறினால் நீச்சல் நீளமாக இருக்கும், பிறர் உதவி தேவைப்படும். ஐந்து, தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆறாம் தரம் என்பது உயிரைப் பணயம் வைக்கும் எல்லை.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். நீர் குளிராக இருந்தாலோ, சாலை எட்டாத பள்ளத்தாக்காக இருந்தாலோ, அண்மையில் வெள்ளம் வந்து மரங்களை இழுத்துப் போட்டிருந்தாலோ ஒரு தரம் கூட்டியே எடை போடுங்கள். தரத்தை முடிவு செய்யும்போது மனத்தில் இருக்க வேண்டியவர் குழுவில் அனுபவம் மிகக் குறைந்தவர். மற்ற நால்வரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது அங்கே கணக்கில் வராது.

அடுத்தது சரிவு. சமஉயரக் கோடுகள் உள்ள நிலப்படத்தில் இறங்குமிடத்தின் உயரத்தையும் கரையேறுமிடத்தின் உயரத்தையும் பாருங்கள். 340 மீட்டரில் இறங்கி 280 மீட்டரில் ஏறுகிறீர்கள், ஆற்றுவழித் தொலைவு 6 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 10 மீட்டர் இறக்கம். கேட்க மிதமாகத்தான் இருக்கும். ஆனால் சராசரி ஏமாற்றும். அந்த 60 மீட்டரில் 25 மீட்டர் ஒரே கிலோமீட்டருக்குள் இறங்கலாம். உயரக் கோடுகள் நெருங்கி வரும் இடத்தைத் தேடுங்கள். பயணத்தின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கும். கிலோமீட்டர் வாரியாகச் சரிவைக் குறித்து வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை.

செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைத் திட்டுகள் ரேபிட்கள், அதாவது நீர் நுரைத்துப் பாயும் இடங்கள். ஆற்றின் குறுக்கே அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு நேர்க்கோடு தெரிந்தால் அது தடுப்பணை. அதற்கு முன்பாகவே கரையேறும் இடத்தைக் குறியுங்கள். படம் எடுத்த தேதியையும் பாருங்கள். வெயில் காலத்தில் எடுத்த படத்தில் அமைதியாகத் தெரியும் இடம் மழைக்குப் பிறகு வேறு ஆறு. கடைசியாக, சாலையோ நடைபாதையோ கரைக்கு அருகில் வரும் எல்லா இடங்களையும் படத்தில் வட்டமிடுங்கள். பாதியில் கிளம்ப வேண்டி வந்தால் அவைதான் உங்கள் கதவுகள். 3 கிலோமீட்டருக்கு மேல் கதவே இல்லாத ஒரு துண்டு இருந்தால், முதல் பயணத்துக்கு அந்த ஆற்றை விட்டுவிடலாம்.

நீர்மட்டம்

சிற்றாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது. மேலே நல்ல மழை பெய்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும், அதே வேகத்தில் வடிந்தும் விடும். நேற்றைய அளவு இன்றைக்கு உதவாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருப்பதும் உதவாது. மழை பெய்வது மலையில். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது இறங்குமிடத்துக்கு மட்டும் பார்க்காமல் ஆற்றின் தலைப்பகுதிக்கும் பாருங்கள்.

அளவுகோல் பதித்த நிலையம் ஆற்றில் இருந்தால் நல்லது. அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, இடையில் எந்தக் கிளையாறு சேர்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உயரமும் நீரோட்டமும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டராக உயர்ந்தால் நீர் இரட்டிப்பதோடு நிற்காது. பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே கூடிவிடும்.

நிலையம் இல்லாத ஆற்றில் நீங்களே அளக்கலாம். நேராகவும் ஓரளவு சீராகவும் ஓடும் ஓர் இடத்தில் கரையோரம் 10 மீட்டரை அளந்து இரண்டு கல் வையுங்கள். முதல் கல்லுக்குச் சற்று மேலே நடு ஓட்டத்தில் ஒரு குச்சியைப் போட்டு, இரண்டு கற்களுக்கும் இடையே அது கடக்கும் நேரத்தைப் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 8 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 1.25 மீட்டர். அடியில் நீர் மெதுவாக ஓடுவதால் அதை 0.85 ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 1.06. அகலம் 8 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 4 சதுர மீட்டர். பெருக்கினால் விநாடிக்கு 4.2 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை. ஆகவே ஒவ்வொரு விநாடியும் நாலு டன்னுக்கு மேல் உங்களைக் கடந்து போகிறது. ஆழம் அளக்க ஆற்றின் நடுவே இறங்கிவிட வேண்டாம். கரையோரத்திலும், பாலம் இருந்தால் அங்கிருந்து கயிற்றில் கல் கட்டி இறக்கியும் அளந்தால் போதும். இது தோராயக் கணக்குதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வைத்தால், அந்த ஆற்றுக்கு அதுவே நம்பகமான அளவுகோல் ஆகிவிடும்.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பின் மேல் தரும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத்தில் நின்று சமாளித்த ஒருவர், சற்றே வேகம் கூடிய அன்றைக்கு நிற்கவே முடியாமல் போவது இதனால்தான்.

மட்டம் குறைந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மிகக் குறைந்த நீரில் பாறைகள் வெளியே வந்து, படகு முனை இடுக்கில் சிக்கும், கால் கற்களுக்கிடையில் மாட்டும், நீர் பாறைகளின் மேலே ஓடாமல் ஊடே புகுந்து ஓடும். நடுத்தர நீரே முதல் பயணத்துக்கு ஏற்றது. மிகுந்த நீரில் பாறைகளுக்குப் பின்னால் ஒதுங்கும் இடங்களெல்லாம் அழிந்துபோய் ஆறு ஒரே ஓட்டமாக ஓடும்.

போக வேண்டாம் என்ற முடிவை வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஆற்றங்கரையில், படகை இறக்கி வைத்த பிறகு, மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள் முன்னால் அந்த முடிவை எடுப்பது மிகக் கடினம். எழுத வேண்டியது இவ்வளவுதான்: பாலத்தின் தூணில் இன்ன அடையாளம் மூழ்கியிருந்தால் இல்லை, கரையோரப் புதர்களுக்குள் நீர் ஓடினால் இல்லை, நீர் செம்மண் நிறமாக இருந்து ஏறிக்கொண்டும் இருந்தால் இல்லை. மேலே அணை இருந்தால் நீர் திறக்கும் நேரம் தெரியாமல் இறங்குவதே இல்லை.

யார் வரலாம்

மூன்று படகுக்குக் குறையக் கூடாது. ஒருவருக்கு ஆபத்து என்றால் ஒருவர் உதவ, இன்னொருவர் ஆள் கூப்பிடப் போக வேண்டும். ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். சிற்றாற்றின் ஒதுங்கிடங்களில் இரண்டு படகு நின்றாலே அதிகம். ஏழாவது படகுக்கு நிற்க இடம் இல்லாமல் அது அப்படியே அடுத்த ரேபிட்டுக்குள் போய்விடும்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டால் எல்லாருமே தெரியும் என்பார்கள். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். கவிழ்ந்த கயாக்கிலிருந்து எத்தனை முறை வெளியே வந்திருக்கிறீர்கள்? ஓடும் நீரில் லைஃப் ஜாக்கெட்டோடு கரைக்கு நீந்தியிருக்கிறீர்களா? கடைசியாக மீட்புக் கயிறு வீசியது எப்போது? பதில் தயங்கி வந்தால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு தேங்கிய நீரில் ஓர் அரைநாள் பழகுங்கள். கயாக்கில் தலைகீழாகிவிட்டால் செய்ய வேண்டியது: முன்பக்கம் குனிந்து, மடித்துணியின் (படகின் இருக்கைத் துளையை நீர் புகாமல் மூடும் துணி) இழுப்புப் பட்டையை முன்னே தள்ளி மேலே இழுத்து, இருபக்க விளிம்பையும் கையால் தள்ளி இடுப்பை வெளியே எடுப்பது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை செய்தவர்தான் வரத் தயாரானவர்.

முன்னே போகிறவரும் கடைசியில் வருகிறவரும் அனுபவமும் மீட்புப் பயிற்சியும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். முன்னவரை யாரும் முந்தக் கூடாது, பின்னவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது.

உடம்பில் இருப்பது, படகில் இருப்பது

லைஃப் ஜாக்கெட் நுரை வைத்தது மட்டுமே. காற்றடிக்கும் வகை பாறையில் உரசிக் கிழியும். அடிபட்டு மயங்கியவரால் அதை இயக்கவும் முடியாது. பட்டைகளையெல்லாம் இறுக்கிய பிறகு இன்னொருவர் உங்கள் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுக்கட்டும். மோவாயைத் தாண்டி ஏறினால் தளர்வு, அல்லது அளவு தவறு. நுரையைக் கிள்ளிப் பாருங்கள். கல்லாக இறுகியோ நசுங்கியோ போயிருந்தால் அது மிதக்கும் திறனை இழந்துகொண்டிருக்கிறது.

ஹெல்மெட் நீர் விளையாட்டுக்கென்று செய்யப்பட்டதாக, இஎன் 1385 என்ற ஐரோப்பியத் தரக்குறி உள்ளதாக இருக்கட்டும். அது நெற்றியை மூட வேண்டும். தலையின் பின்பக்கம் சாய்த்துப் போட்டால் முதலில் அடிபடுவது நெற்றிதான். காலில் கட்டும் ஷூ. பட்டை வைத்த செருப்பு பாறை இடுக்கில் கொக்கிபோல மாட்டும்.

பருத்தித் துணி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நீர் உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச்செல்லும் வேகம் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு. நீரின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே என்றால் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடம்போடு ஒட்டும் நுரை ரப்பர் உடை) அல்லது டிரைசூட் (நீர் உள்ளே புகாத உடை) இல்லாமல் இறங்காதீர்கள். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கித் திணறும். அந்த நிமிடத்தில் வாயை நீருக்கு மேலே வைத்திருப்பது ஒன்றே வேலை. அதன்பின் பத்து நிமிடம்போலக் கை கால் சொன்னபடி கேட்கும், பிறகு விரல்கள் கயிற்றைக்கூடப் பிடிக்காது. சிற்றாற்றில் மீட்பு அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

கயாக்கின் முன்னும் பின்னும் காற்றுப் பைகள் நிரம்பியிருக்க வேண்டும். பை இல்லாத படகு நீரால் நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைப் பாறையிலிருந்து இழுக்க அரை நாள் ஆகும். ராஃப்ட் என்றால் சுற்றியுள்ள வெளிக்கயிறு கையால் இழுத்தால் விறைப்பாக நிற்க வேண்டும். தொங்கும் கயிறு காலுக்குக் கண்ணி. ராஃப்டில் துடுப்பின் மேல்முனையிலுள்ள குறுக்குக் கைப்பிடியை உள்ளங்கையால் மூடியே பிடிக்க வேண்டும். கையை விட்டால் அடுத்த குலுக்கலில் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்க்கும். ராஃப்டில் அடிக்கடி நேரும் காயங்களில் இது ஒன்று.

கயிற்றுப்பை

மீட்புக் கயிற்றுப்பையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாரும் வாங்குகிறார்கள், வீசிப் பழகுகிறவர்கள் குறைவு.

கயிறு 15 முதல் 20 மீட்டர் நீளம், 8 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன், நீரில் மிதக்கும் வகை. மெல்லிய கயிறு மலிவு, ஆனால் ஈரக்கையில் வழுக்கி உள்ளங்கையை அறுக்கும். பைக்குள் அதைச் சுருட்டி வைக்கக் கூடாது. பையின் வாயை இரண்டு விரலால் பிடித்து, மற்ற விரல்களால் கயிற்றை ஒரு சாண், ஒரு சாணாக உள்ளே திணித்துக்கொண்டே போக வேண்டும். சுருட்டினால் வளையங்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பாதி தூரத்தில் நின்றுவிடும்.

வீசும் இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். கால் ஊன்ற உறுதியான தரை, நீரில் இருப்பவரை இழுத்துச் சேர்க்க உங்களுக்குக் கீழே தேங்கிய நீர், அவர் ஊசலாடி வரும் வழியில் மரமோ பாறையோ இல்லாமை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நின்று சரியாக வீசினாலும், அவரைக் கொண்டுபோய் ஆபத்தில் சேர்த்ததாகிவிடும். கயிற்றின் நுனியில் ஒரு மீட்டர்போல வெளியே எடுத்து ஒரு கையில் பிடியுங்கள். அதைக் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். “கயிறு!” என்று உரக்கக் கூப்பிட்டு அவர் உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள். பிறகு கையைக் கீழிருந்து மேலே வீசி, பை அவர் தலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழும்படி போடுங்கள். பை குறி தவறினாலும் கயிறு அவர்மேல் விழுந்தால் போதும். இழுவிசை வந்ததும் உட்கார்ந்து குதிகாலை ஊன்றுங்கள், அல்லது கரையோரமாக இரண்டடி அவரோடு நகர்ந்து கொடுங்கள். நின்ற இடத்திலேயே விறைத்து நின்றால் கயிறு அவர் கையைவிட்டுப் பறிந்துபோகும்.

நீரில் இருப்பவர் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பையில் இன்னும் கயிறு மிச்சம் இருக்கலாம். மல்லாந்து, கயிற்றைத் தோள்மேல் போட்டு நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால் முகம் மேலே நிற்கும். கயிற்றை நோக்கித் திரும்பினால் நீர் முகத்தில் அறையும். முதல் வீச்சு தவறிவிட்டால் திணித்து நிரப்ப நேரம் இருக்காது. கையில் வரும்வரை இழுத்து, பையில் கொஞ்சம் நீரை மொண்டு எடை சேர்த்து உடனே மறுபடி வீசுங்கள்.

கயிறு உள்ள இடத்தில் கத்தி இருந்தே ஆக வேண்டும். ஒரு கையால் எடுக்க வருகிற இடத்தில், லைஃப் ஜாக்கெட்டின் மேல். விசிலும் அப்படியே.

இவை தவிர குழுவுக்கு: பூட்டும் காரபைனர் (உலோகக் கொக்கி வளையம்) நாலு, கப்பி இரண்டு, 6 மில்லிமீட்டர் கயிற்றில் கட்டிய புரூசிக் வளையம் (பெரிய கயிற்றில் சுற்றினால் இழுவிசையில் இறுகிப் பிடிப்பது) இரண்டு, நாலைந்து மீட்டர் தட்டை நாடா. இவற்றைக்கொண்டு பாறையில் ஒட்டிக்கொண்ட படகை மூன்று மடங்கு விசையில் இழுக்கலாம். கூடவே மடிக்கும் ரம்பம், இரண்டாகக் கழற்றும் உபரித் துடுப்பு, முதலுதவிப் பெட்டி, எல்லாரையும் மூடும் காற்றுத்தடுப்புத் துணி, நெற்றிவிளக்கு, சூடான பானம். பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது என்றே வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே படகில் கட்டாதீர்கள். முதலில் கவிழ்வது அந்தப் படகாகவே இருக்கலாம்.

கடிகாரம்

புதிய சிற்றாற்றில், இறங்கிப் பார்த்துப் பார்த்துப் போகும்போது மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். 6 கிலோமீட்டருக்கு 3 மணி நேரம். படகைத் தூக்கிக்கொண்டு கரைவழி நடக்க வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் அரை மணி. சாப்பாட்டுக்கு அரை மணி. ஒரு தடவை யாராவது நீந்தி, படகைப் பிடித்து, நீரை வடித்து மறுபடி ஏற 20 நிமிடம். ஆக நாலரை முதல் ஐந்து மணி நேரம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு முடியும்படி பின்னோக்கிக் கணக்கிட்டால், காலையில் எத்தனை மணிக்குப் படகு நீரைத் தொட வேண்டும் என்பது தெரியும். வண்டியைக் கரையேறுமிடத்தில் விட்டுவர ஆகும் ஒரு மணி நேரத்தை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான பயணங்கள் தாமதமாகத் தொடங்குகின்றன.

நிலப்படத்தில் வட்டமிட்ட கதவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் எழுதுங்கள். “பாலத்தை 1 மணிக்குள் தாண்டாவிட்டால் அங்கேயே ஏறிவிடுகிறோம்.” மாலையில் களைத்த கையோடு அவசரமாகப் போகும் கடைசிக் கிலோமீட்டரில் தவறுகள் குவியும்.

வண்டியை விடப் போகும்போது கரையேறுமிடத்துக்குக் கீழே இறங்கி, ஆற்றிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று நின்று பாருங்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வாருங்கள். அதற்குக் கீழே தடுப்பணையோ அருவியோ இருந்தால் நூறு மீட்டர் மேலேயே இன்னொரு துணி. சாவி இரண்டு பேரிடம், இரண்டு வேறு படகில். உலர்ந்த உடை வண்டியில்.

ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், படகுகளின் நிறம், இறங்குமிடம், ஏறுமிடம், எத்தனை மணிக்கு அழைப்போம், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும். கடைசி வரி இல்லாத தாளால் பயன் இல்லை.

ஆற்றில்

படகு இறங்குமுன் பத்து நிமிடம் எல்லாரும் கரையில் கூடிப் பேசுங்கள். வலம், இடம் என்பது எப்போதும் நீர் போகும் திசையைப் பார்த்து. துடுப்பை நிமிர்த்தினால் வரலாம். கிடைமட்டமாகத் தூக்கினால் நில். தலையில் கைவைத்துத் தட்டினால் நலம். விசில் ஒருமுறை, என்னைப் பார். மூன்று முறை, ஆபத்து. கை காட்டுவது போக வேண்டிய பக்கத்தை மட்டுமே. ஆபத்தைச் சுட்டிக் காட்டினால் பார்ப்பவர் அங்கேயே போவார்.

பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் மெதுவாகத் திரும்பும் இடத்தை எடி என்கிறோம். சிற்றாற்றுப் பயணம் ஓர் எடியிலிருந்து அடுத்த எடிக்குத் தாவுவதுதான். முன்னவர் அடுத்த எடியில் நின்று துடுப்பை நிமிர்த்திய பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். இரண்டு படகுகள் ஒட்டிப் போனால், முன்னது சிக்கும்போது பின்னது அதன்மேல் ஏறும்.

விதி ஒன்றே: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் அடுத்து நிறுத்தும் இடம் தெரியவில்லை என்றால் கரையேறிப் பார்க்க வேண்டும். நீர் ஒரு கோட்டோடு முடிந்து அதற்கப்பால் மரங்களின் தலை மட்டும் தெரிந்தால் அங்கே இறக்கம் இருக்கிறது. கரையில் நடந்து பார்க்கும்போது ரேபிட்டின் அடியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். இங்கே கவிழ்ந்தால் நீர் என்னை எங்கே கொண்டுபோகும் என்பதே முதல் கேள்வி. அடியில் அமைதியான மடு இருந்தால் முயலலாம். மரம் இருந்தால் படகைத் தூக்கிக்கொண்டு நடங்கள். வழி தேடும்போது நீரில் தெரியும் வி வடிவத்தைப் பாருங்கள். கூர்முனை கீழ்த்திசையைக் காட்டினால் நடுவே வழி. கூர்முனை உங்களை நோக்கியிருந்தால் அங்கே பாறை.

நாலு ஆபத்துகளைப் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும். வடிகட்டி மரம்: கிளைகளினூடே நீர் போகும், ஆள் போக முடியாது. சிற்றாறுகளில் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்ச வேண்டியது இதுதான். போன மாதம் இல்லாத மரம் இன்றைக்கு இருக்கும். பாறைச் சல்லடை: குவிந்த பாறைகளினடியில் நீர் புகுந்து மறையும் இடம். அடிக்குடைந்த பாறை: நீர் மோதித் தெறித்து மெத்தைபோல எழும்பாமல் சத்தமின்றி உள்ளே போனால் அடியில் குடைவு இருக்கிறது. கடைசியாகத் தடுப்பணை. பார்க்கச் சிறியது, ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. கீழே விழும் நீர் அடியில் போய், மேலே எழுந்து, அணையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. எழும் நீரின் கோட்டுக்கு உள்ளே இருக்கும் எதையும் அது அணையோடு சேர்த்து இழுத்துச் சுழற்றும். இயற்கையான பாறைப் படியில் ஏதாவது ஒரு பக்கம் நீர் ஒழுக வழி இருக்கும். மனிதன் கட்டிய அணையில் கரைக்குக் கரை ஒரே சுழல். எந்தத் தடுப்பணையையும் படகில் தாண்டாதீர்கள்.

நீரில் விழுந்தால் மல்லாந்து, காலைக் கீழ்த்திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே. பாறையைக் காலால் தள்ளலாம். வாய்ப்புக் கிடைத்ததும் குப்புறத் திரும்பிக் கரையை நோக்கி வேகமாக நீந்துங்கள். ஆழம் முழங்காலுக்குக் கீழே குறையும்வரை எழுந்து நிற்காதீர்கள். கால் கற்களுக்கிடையில் மாட்டினால் நீர் உடம்பை முன்னே சாய்த்து முகத்தை அமிழ்த்திவிடும். இடுப்பளவு நீரிலும் உயிர் போவது இப்படித்தான். வடிகட்டி மரத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால் மட்டும் முறை மாறும்: குப்புறத் திரும்பி, தலை முன்னே, மரத்தை நோக்கி முழு வேகத்தில் நீந்தி, அதன்மேல் தாவி ஏறுங்கள். படகு பாறையில் மோதிச் சாய்ந்தால் பாறையை அணைப்பதுபோல அதன் பக்கமே சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் நீர் படகுக்குள் ஏறி அதைப் பாறையோடு மடித்துவிடும்.

தவறு நேர்ந்தால்

முதலில் ஆள், பிறகு படகு, கடைசியில் துடுப்பு. மிதந்து போகும் துடுப்பைத் துரத்தி இருவர் கீழே போய்விட்டால் நீரில் இருப்பவருக்கு ஆள் இருக்காது.

உதவும் முறைக்கும் வரிசை உண்டு. குரல் கொடுத்து வழி சொல்லுங்கள், துடுப்பை நீட்டுங்கள், கயிறு வீசுங்கள், படகில் போங்கள். நீங்களே நீந்திப் போவது கடைசி, அதுவும் பயிற்சி இருந்தால். இடுப்பில் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு யாரும் நீரில் இறங்கக் கூடாது. இறுகினால் அவிழ்க்க முடியாது.

கால் மாட்டியவரை முதலில் தலை மேலே இருக்கும்படி தாங்க வேண்டும். இரு கரையிலும் ஒவ்வொருவர் நின்று, குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்து, அவருக்குக் கீழ்ப்புறத்திலிருந்து நெஞ்சருகே கொண்டுவந்தால் அவர் அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கலாம். பிறகே காலை விடுவிப்பது, அது உள்ளே போன திசைக்கு எதிராக, ஆற்றின் மேல்பக்கமாக. இதை எங்காவது ஒதுக்குப்புறமாக ஒருமுறை நடித்துப் பார்த்திருந்தால்தான் அன்றைக்குக் கை ஓடும்.

மூச்சில்லாமல் கரைக்கு எடுத்தவருக்கு முதல் தேவை காற்று. நீரில் மூழ்கியவருக்கு வாய்வழி மூச்சை முதலில் கொடுத்து, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். வயிற்றை அமுக்கி நீரை எடுக்க முயலாதீர்கள். தேறி எழுந்தவரையும் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள். நுரையீரல் கோளாறு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

குளிர் ஏறுவதைப் பேச்சில் பிடிக்கலாம். வாய் குழறும், பட்டையைப் போட விரல் தடுமாறும், கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் வரும். நடுக்கம் தானாக நின்றுபோனால் அது தேறுவதன் அறிகுறி அல்ல. ஈர உடையை மாற்றி, மூடி, அன்றைய பயணத்தை அங்கேயே முடியுங்கள்.

சாப்பிட நிற்கும்போது நீரின் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். கிளம்பும்போது அது நனைந்திருந்தால் ஆறு ஏறுகிறது. தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது எல்லாம் அதே சேதி. அப்போது சாலை இருக்கும் கரையில் ஏறுங்கள். மறுகரை பக்கத்தில் இருக்கிறது என்று அங்கே ஏறிவிட்டால், பிறகு வெள்ளத்தைக் கடக்க வேண்டிய நிலை வரும்.

கரையேறியதும் தலையை எண்ணி, ஊரில் காத்திருப்பவரை அழையுங்கள். இதை மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டால், அந்தப் பக்கம் மீட்புப் படையைக் கிளப்பிவிடுவார்கள். கயிற்றைப் பையிலிருந்து முழுக்க உருவி நிழலில் உலர்த்துங்கள். அன்றைய நீர்மட்டம், குச்சி 10 மீட்டரைக் கடந்த விநாடிகள், மரம் கிடந்த வளைவுகள், எந்தக் கரையில் ஏறி நடந்தீர்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதுங்கள். அடுத்த முறை இறங்குபவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.